அளவுக் கிணறு

“தண்ணி எடுக்கக் கூடாதுன்னா அப்புறம் கிணறு எதுக்குங்க?”

“அளக்குறதுக்கு.”

“அளந்து?”

“எவ்வளவு தண்ணி இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம்.”

“தெரிஞ்சுக்கிட்டு?”

தொப்பிக்காரர் சிரித்தார். “அருமையான கேள்விங்கய்யா. இந்த மாதிரிக் கேள்விங்களுக்காகத்தான் எங்க மையத்தையே ஆரம்பிச்சோம்” என்றார். பதிலை அந்த மையத்திலேயே மறந்து வைத்துவிட்டு வந்தவர் போல, கிணற்று மூடியில் தொங்கிய பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொண்டார்.

கேள்வி கேட்டவர் செடிக்காரர். மலையடிவாரத்தில், வீடுகள் முடிந்து காய்ந்த புல் தொடங்கும் இடத்தில், நாற்றுப் பண்ணை வைத்திருக்கிறார். ரோஜா, மாதுளை, எலுமிச்சை என்று கறுப்புப் பைகளில் வளர்த்து விற்பது தொழில். பையில் இருக்கும் செடி, மண்ணுக்குள் வேரை அனுப்பித் தண்ணீர் தேட முடியாது. யாராவது ஊற்றினால் உண்டு. ஊற்றுவதற்காகத்தான் அந்தக் கிணறு. இப்போது அதன் மேல் இரும்பு மூடி, மூடியில் பூட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. இவை எல்லாவற்றுக்கும் மேலே ‘பல்கலைக்கழக வறட்சி, நீர், காட்டுத்தீ ஆய்வு மற்றும் மக்கள் தொடர்பு மையம்’ என்று ஒரு பலகை. பலகை கிணற்றைவிட அகலம்.

இதெல்லாம் அவருடைய சம்மதத்தோடு நடந்தது. எப்படி என்பதுதான் அவருக்கே பிடிபடவில்லை.

முதல் கோடையில் ஒரு காலை தொப்பிக்காரர் வந்தார். மையத்தின் ஒருங்கிணைப்பாளர் என்று சொல்லிக்கொண்டார். எதை எதோடு ஒருங்கிணைக்கிறார் என்று சொல்லவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்து, “இந்த வட்டாரத்துலயே நேர்மையான கிணறுய்யா இது” என்றார். செடிக்காரரை அதுவரை யாரும் நேர்மையானவர் என்று சொன்னதில்லை. தன் கிணற்றையாவது சொன்னார்களே என்று பூரித்துப்போய்த் தலையாட்டிவிட்டார். சின்னதாக ஒரு கருவி வைக்க வேண்டும் என்றார்கள். வைத்தார்கள். கருவியில் தூசி விழாமல் இருக்க மூடி. மூடியை யாரும் திறக்காமல் இருக்கப் பூட்டு. கடைசியாக வந்து மோட்டார் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக் கையில் கொடுத்தார்கள். மோட்டார் மூடிக்குக் கீழேயே தங்கிவிட்டது. மோட்டார் ஓடினால் நீர்மட்டம் அசைகிறதாம்.

“வறட்சியச் சுத்தமா அளக்கணும்னா கிணத்த யாரும் தொந்தரவு பண்ணக் கூடாதுங்க.”

“வறட்சி எப்ப முடியும்?”

“அளந்து முடிச்சாதாங்க சொல்ல முடியும்.”

அவர் மனைவிக்கு அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது. முதல் சந்தேகம் புருஷன் மேல்தான்.

“உண்மையச் சொல்லுங்க. என்ன குடுத்தாங்க?”

“ஒண்ணும் குடுக்கல.”

“ஒண்ணும் வாங்காமயா கிணத்தத் தூக்கிக் குடுத்தீங்க?”

செடிக்காரர் தயங்கித் தயங்கிச் சட்டைக்குள்ளிருந்து ஒரு நீலத் தொப்பியை எடுத்தார். நெற்றியில் தண்ணீர்த் துளிச் சின்னம். மனைவி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தலையாட்டுன தலைக்குத் தொப்பி. சரியாத்தான் குடுத்திருக்காங்க.”

அவளுடைய தம்பியின் சந்தேகம் வேறு வகை. ஊரில் அவனை ரேடியோ என்பார்கள். வாயை மூட சுவிட்ச் கிடையாது. மூடியில் காதை வைத்துக் கேட்டுவிட்டு வந்து சொன்னான்: “மாமா, தண்ணிக்கு எவனாவது பூட்டுப் போடுவானா? உள்ள ஏதோ இருக்கு. தங்கமா இருக்கலாம். பெட்ரோலா இருக்கலாம். சாம்பல் பெட்டி வச்சதப் பார்த்தா எனக்கு பெட்ரோல் மேலதான் சந்தேகம்.”

“தவளை இருக்குடா” என்றாள் அக்கா.

“தவளைக்கா இவ்வளவு பெரிய போர்டு?”

இரண்டாம் கோடை வந்தது. தெருமுனைக் குழாயிலிருந்து சைக்கிளில் கேன் கேனாகக் கட்டிக்கொண்டு வந்து ஊற்றினார்கள். பத்தவில்லை. ரோஜா முதலில் போயிற்று. மாதுளை இலைகளை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. எஞ்சியது நிழல்வலைக்குக் கீழே இருந்த எலுமிச்சைதான். மழை தொடங்கியதும் விற்றுவிடலாம். அதுவும் போய்விட்டால் பண்ணையை மூட வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கிணற்றில் தண்ணீர் இருந்தது. மூடியைக் கல்லால் தட்டினால் கீழே இருந்து சத்தம் வந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

செடிக்காரர் இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

மையத்தின் வாசலில் நீரூற்று ஒன்று ஆள் உயரத்துக்கு எழும்பி விழுந்துகொண்டிருந்தது. அடியில் ‘ஒவ்வொரு துளியும் பேசும்’ என்று எழுதியிருந்தது. செடிக்காரர் கொஞ்ச நேரம் நின்று கேட்டுப் பார்த்தார். சுற்றிலும் புல்வெளி, கோடைக்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாத பச்சை. காவலாளி வந்து, புல் மேல் நிழல் விழாமல் தள்ளி நடக்கச் சொன்னார்.

கீழ்த்தளத்தில் நீர்ப் பிரிவு. அங்கே இருந்தவர் பொறுமையாகக் கேட்டார்.

“உங்க பிரச்சினை என்னங்க?”

“செடிக்குத் தண்ணி இல்லீங்க.”

“பாத்தீங்களா, நாங்க தண்ணி. நீங்க தண்ணி இல்லைங்கிறீங்க. அது வறட்சி. மாடிக்குப் போங்க.”

மாடியில் வறட்சிப் பிரிவு. குளிர்சாதனம் ஓடியதால் எல்லாரும் சால்வை போர்த்தியிருந்தார்கள்.

“உங்க கிணத்துல தண்ணி இருக்கா?”

“இருக்குங்க.”

“அப்ப உங்களுக்கு வறட்சி இல்லையே! கீழ நீர்ப் பிரிவுல கேளுங்க.”

இறங்கும்போது படிக்கட்டுக்கு அடியில் இன்னொரு கதவு தெரிந்தது. தீப் பிரிவு. உள்ளே ஒல்லியான ஒரு மனிதர் மட்டும், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு நெருப்பையும் பார்க்காத ஏக்கத்தோடு உட்கார்ந்திருந்தார். ஆள் வந்ததும் துள்ளி எழுந்தார்.

“எரியுதா?”

“இல்லீங்க. காயுது.”

அவர் முகம் வாடிவிட்டது. “எரியுறப்ப வாங்க” என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார்.

எங்கே போவது என்று தெரியாமல் நின்றவரை, அவர் வந்திருக்கும் செய்தி எப்படியோ எட்டியதால், இயக்குநரே கூப்பிட்டு அனுப்பினார். அவர் பேசினால் மேடையில் பேசுவது போலத்தான் இருக்கும். காப்பி கேட்டால்கூட அப்படித்தான். சுவரில் திரை போட்டு ஒரு கோட்டைக் காட்டினார்.

“இது உங்கள் கிணறு. எவ்வளவு அழகான கோடு! ஆனால் ஒவ்வொரு நாளும் நண்பகலில் இந்தக் கோடு கீழே இறங்குகிறது. மாலையில் மெல்ல ஏறுகிறது. யார் தண்ணீர் எடுக்கிறார்கள்?”

“பூட்டு உங்களுது. சாவியும் உங்ககிட்டத்தானே இருக்குங்க?”

“அங்கேதான் என் சந்தேகமே வலுக்கிறது” என்றார் இயக்குநர். “பூட்டியிருக்கும்போதே எடுக்கிறீர்கள் என்றால், இந்த மக்களிடம் எவ்வளவு பாரம்பரிய அறிவு மறைந்திருக்க வேண்டும்!”

சாவி கேட்கப் போனவர், சந்தேகத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். பின்னாலேயே ஆட்கள் வந்து கம்பம் நட்டு, கிணற்றைப் பார்த்து ஒரு கேமரா பொருத்தினார்கள். மனைவி அன்று மாலையே அந்த நீலத் தொப்பியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி அதன் தலையில் கவிழ்த்துவிட்டாள். தொப்பிக்காரர் பதறி ஓடி வந்தார்.

“என்னம்மா இது? கேமராவுல எங்க மையத்தோட சின்னம் மட்டுந்தான் தெரியுது!”

“தெரியட்டுமே சார். உங்க சின்னந்தானே?”

அவர் யோசித்துப் பார்த்தார். மறுக்க வழியில்லை. இயக்குநருக்கும் அந்தக் காட்சி பிடித்துப்போய், தொப்பியை அப்படியே விடச் சொல்லிவிட்டார்.

மையத்திலிருந்து வருகிறவர்களில் உட்கார்ந்து பேசுகிற ஆள் ஒருத்திதான். ஆய்வு மாணவி. பெட்டியைத் திறந்து அளவு சரியாகப் பதிவாகிறதா என்று பார்க்க வாராவாரம் பஸ் பிடித்து வருவாள். அளவுப் பொண்ணு என்று ரேடியோ பேர் வைத்திருந்தான். வந்த வேலை முடிந்ததும் செடிக்காரர் மனைவியோடு டீ குடிப்பாள். இரண்டு கோடைக்கும் கோடு எங்கேயும் அறுந்துபோகாமல் வந்தால்தான் அவளுக்குப் பட்டம். அறுந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு நாள் டம்ளரைக் கீழே வைக்காமலே கேட்டாள். “அக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. நீங்க தண்ணி எடுக்குறீங்களா? கேட்டுட்டு வரச் சொன்னாங்க.”

“கேட்டுட்டு வரச் சொன்னாங்களா, வேவு பாத்துட்டு வரச் சொன்னாங்களா?”

அந்தப் பெண் டம்ளருக்குள் பார்த்தாள்.

“எடுக்கல. எடுத்திருந்தா அந்த மாதுளைங்க இப்படி நிக்குமா? போய்ச் சொல்லு.” கொஞ்சம் பொறுத்து, “டீயக் குடி, ஆறுது” என்றாள். அவள் போன பிறகு புருஷனிடம், “நல்ல பொண்ணுதான். ஆனா அவங்க பொண்ணு” என்றாள்.

கோடை உச்சிக்கு வந்தபோது மக்கள் தொடர்பு முகாம் அறிவித்தார்கள். இடம் செடிக்காரரின் பண்ணை. அவரிடம் யாரும் கேட்கவில்லை. பந்தல் போட ஆள் வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

“மக்கள் யாரு வர்றாங்க?” என்று கேட்டார்.

“நீங்கதாங்க மக்கள்” என்றார் தொப்பிக்காரர்.

அன்றைக்கு நண்பகல் நெருங்கும்போது மூன்று பேருந்துகள் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் மையத்துக்காரர்கள். எல்லார் தலையிலும் நீலத் தொப்பி. முன்வரிசையில் மூன்று நாற்காலிகளில் ‘மக்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. செடிக்காரரும் மனைவியும் ரேடியோவும் அதில் உட்காரவைக்கப்பட்டார்கள். ஆளாளுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். நீரைச் சேமிப்பது எப்படி என்று பாட்டில் மேலேயே அச்சடித்திருந்தது. வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு, இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, மீதியை அப்படியே நாற்காலிக்கு அடியில் வைத்தார்கள்.

செடிக்காரரின் மனைவி எழுந்தாள். வரிசை வரிசையாகக் குனிந்து பாட்டில்களை மடியில் கட்டிக்கொண்டு போய் எலுமிச்சைக்கு ஊற்ற ஆரம்பித்தாள். புகைப்படக்காரர் கத்தினார்.

“அம்மா, ஊத்தாதீங்க! இன்னும் வாடின படம் எடுக்கல!”

“உங்க வீட்டுல யாராச்சும் மயங்கி விழுந்தா, படம் எடுத்துட்டுத்தான் தண்ணி தெளிப்பீங்களா தம்பி?”

அவர் அந்தக் கேள்விக்குள் போக விரும்பாமல் அவளையே படம் எடுத்தார். பிறகு அது ‘விழிப்புணர்வு பெற்ற பெண்’ என்று வெளிவந்தது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

“அன்பார்ந்த மக்களே! நாங்கள் வருவதற்கு முன் இந்தப் பகுதியில் வறட்சியைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. வெறும் வறட்சி மட்டுமே இருந்தது. இன்று நிலைமை மாறியிருக்கிறது. இந்தப் பண்ணையைப் பாருங்கள். நாங்கள் கால் வைப்பதற்கு முன் இது வெறும் பச்சையாக, எந்தச் செய்தியும் இல்லாமல் இருந்தது. இப்போது ஒவ்வொரு இலையிலும் வறட்சியின் தாக்கத்தை நீங்கள் தெளிவாகக் காணலாம். இது எங்கள் மையத்தின் அயராத உழைப்பு!”

கைதட்டல். செடிக்காரரும் தட்டினார், பக்கத்தில் எல்லாரும் தட்டும்போது கை தானாகவே எழுந்துவிட்டது. மனைவி முறைத்ததும் இறங்கிவிட்டது.

“நாம் ஊருக்கு உபதேசம் மட்டும் செய்பவர்கள் அல்ல. இந்தக் கொடிய கோடையிலும் நமது வளாகத்தின் புல்வெளி வாடவில்லை. எப்படி? மலைக்கு அந்தப் பக்கம் ஆழ்துளைக் கிணறு ஒன்று தோண்டினோம். மாணவர்கள் நீரின் அருமையைக் கண்ணால் கண்டு உணர வேண்டும் என்பதற்காக, தவறாமல் ஒவ்வொரு நண்பகலிலும் புல்லுக்கு நீர் பாய்ச்சுகிறோம்!”

ரேடியோ எழுந்து நின்றுவிட்டான். “சார், என்ன சொன்னீங்க? மத்தியானமா? அந்தப் பக்கம் நீங்க உறிஞ்சுறீங்க, இந்தப் பக்கம் எங்க கிணறு இறங்குது! எங்க மாமாவப் போய்த் திருடன்னு சொன்னீங்களே!”

தொப்பிகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. இயக்குநர் முகம் மலர்ந்தது.

“அற்புதம்! கைதட்டுங்கள்! இதற்காகத்தான் நாம் மக்களிடம் வருகிறோம்.”

இன்னும் பெரிய கைதட்டல். ஒருவர் ஓடி வந்து ரேடியோ சொன்னதை மஞ்சள் தாளில் எழுதி, ‘மக்களின் நம்பிக்கைகள்’ என்ற தலைப்பில் இருந்த தட்டியில் ஒட்டினார். ஏற்கெனவே அங்கே ‘கிணற்றில் பெட்ரோல்’ என்று ஒரு தாள் இருந்தது. அதுவும் ரேடியோ சொன்னதுதான். தான் சொன்னது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்குவதைப் பார்த்து, வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தான்.

பின்வரிசையில் இருந்த அளவுப் பொண்ணு மட்டும் கை தட்டவில்லை. எழுந்து வேகமாகக் கிணற்றுப் பக்கம் போனாள். போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தபடி நின்றாள்.

“அடுத்து, தீப் பிரிவின் செயல்விளக்கம்” என்று அறிவித்தார்கள்.

ஒல்லி மனிதர் புதுச் சட்டையில் வந்திருந்தார். பண்ணைக்குப் பின்னால் சரிவில், காய்ந்த புல்லில் கயிறு கட்டி ஒரு சதுரம் போட்டு வைத்திருந்தார். சதுரத்துக்குள் கொளுத்தி, தீ எப்படிப் பரவும், எப்படி அணைப்பது என்று காட்டுவதாக ஏற்பாடு. கயிற்றைத் தாண்டக் கூடாது என்று தீக்குச் சொல்வது போலவே ஒரு முறை சதுரத்தைச் சுற்றி வந்தார். கொளுத்தினார். புல் பற்றியது. அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது.

காற்று அடித்தது. தீ கயிற்றை எரித்துவிட்டு வெளியே வந்தது.

“இப்ப அணைக்கிறதக் காட்டுங்க” என்று தொப்பிக்காரர் குரல் கொடுத்தார்.

“தண்ணி எங்கே?” என்றார் ஒல்லி மனிதர்.

“எந்தத் தண்ணி?”

“பக்கத்துக் கிணத்துலேர்ந்து எடுத்துக்கலாம்னு எங்க பிரிவுல முடிவு பண்ணியிருந்தோமே.”

நீர்ப் பிரிவுக்காரர் முன்னால் வந்தார். “கிணத்துல தேவையான தண்ணி இருக்கான்னு மட்டுந்தான் எங்களக் கேட்டாங்க. இருக்குன்னு சொன்னோம். இருக்குது.”

“எடுக்கலாமான்னு எங்களக் கேட்டிருக்கணும்” என்றார் வறட்சிப் பிரிவுக்காரர். “கேக்கல. கேட்டிருந்தா முடியாதுன்னு சொல்லியிருப்போம்.”

மூன்று பேரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். இதற்குள் புல் சடசடவென்று பேச ஆரம்பித்திருந்தது. புகை, நிழல்வலைப் பக்கம் சாய்ந்தது.

செடிக்காரர் ஓடிப் போய் இயக்குநரின் கையைப் பிடித்தார். “சார், சாவிய எடுங்க சார்!”

“சாவி பத்திரமாக இருக்கிறது. கவலைப்படாதீர்கள்.”

“எங்க?”

“மையத்தில்.”

அவர் கையை விடுவித்துக்கொண்டு எல்லாரையும் பின்னால் போகச் சொன்னார். தீயின் வேகத்தை அளக்கும் கருவியை எடுத்து வரவும் சொன்னார். இப்படி ஒரு வாய்ப்பு தேடினாலும் கிடைக்காது என்றார். தொப்பிகள் பேருந்துகளை நோக்கி நகர்ந்தன. மைக் அணைக்கப்படாமல் கிடந்ததால் யாரோ தும்மியது ஊருக்கே கேட்டது.

“நிக்கிறீங்களே! ஒயர எடுங்க!” என்று மனைவி கத்தினாள். அவளே கொட்டகைக்குள் பாய்ந்து, சுருட்டி வைத்திருந்த மோட்டார் ஒயரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ரேடியோ ஒரு வார்த்தையும் பேசாமல் ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு நிழல்வலையை நோக்கி ஓடினான். வலையின் ஓரம் கருகிச் சுருண்டது. அதற்கு அந்தப் பக்கம் எலுமிச்சைகள், பாட்டில் தண்ணீர் குடித்த ஈரத்தோடு வரிசையாக நின்றன.

செடிக்காரர் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கு வந்தார். இரண்டு கோடையாகத் தலையாட்டியே பழகிய கழுத்தில் நரம்பு புடைத்தது. பூட்டுக்கு நேராகக் கடப்பாரையை ஓங்கினார்.

மூடியின் மேல் ஒரு கை வந்து விழுந்தது. அளவுப் பொண்ணு. புகையில் கண் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

“கைய எடும்மா. அடி பட்டுடும்.”

“அய்யா, உங்க மச்சினர் சொன்னது நெஜம். இப்ப, இந்த நிமிஷம், பூட்டு போட்டபடியே இறங்கிக்கிட்டிருக்கு. அங்க புல்லுக்குப் பாயுது. அவங்க எல்லாரும் இங்க நிக்கிறப்பவே இறங்குது, நீங்க அவங்க கண்ணு முன்னாடி நிக்கிறப்பவே இறங்குது. இத விட்டா வேற சாட்சி இல்லைங்கய்யா.”

“தள்ளு அந்தப் பக்கம்! அவகிட்ட என்ன பேச்சு?” என்று மனைவி ஒயரின் ஒரு முனையைச் சுவிட்ச் பலகையில் செருகிக்கொண்டே கத்தினாள். “அவங்க ஆளு அவ!”

“இல்லக்கா. எனக்காகவும்தான் கேக்குறேன், பொய் சொல்லல. மூடியத் தொறந்து தண்ணி எடுத்தா கோடு அறுந்துடும். அறுந்துட்டா நீங்கதான் எடுத்தீங்கன்னு சொல்லிடுவாங்க, எப்பவும் சொல்வாங்க.” அவள் செடிக்காரரை நிமிர்ந்து பார்த்தாள். கை மூடியை விட்டு நகரவில்லை. வலையின் இரண்டாவது மூலையும் பற்றியது. “கீழ போயிட்டு மறுபடி ஏறத் தொடங்குறது மட்டும் பதிவாகட்டும். கொஞ்ச நேரந்தான். அய்யா, கொஞ்சமே கொஞ்சம் பொறுத்துக்குவீங்களா?”